ஒரே கோப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

அந்த அச்சகத்தில் மை கிடையாது. தடித்த தாளில் ஊசிகள் குத்தி எழுப்புகிற புள்ளிகள்தான் எழுத்து. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் பிரெய்ல் பாடப் புத்தகங்கள் அங்கிருந்து போயின. புள்ளி குத்துகிற இயந்திரம் ஓடத் தொடங்கினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் அதைத் தனியாக ஒரு கண்ணாடி அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அறைக்கு வெளியே ஒரு நீள மேசை. மேசையின் ஒரு முனையில் அவள் உட்கார்ந்திருப்பாள். மறுமுனையில் மாஸ்டர்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. சிஸ்டம் பார்க்கிற அம்மா என்பது சுருங்கி ‘சிஸ்டம்மா’ ஆகிவிட்டிருந்தது. யாரோ விளையாட்டாக ஆரம்பித்த பெயர். இப்போது வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அதுதான். மாஸ்டர் பிழை திருத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அச்சகத்துக்கு வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர். அச்சான தாளை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் படிப்பார். இடது கை வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், வலது கை ஓடும். தப்பு இருக்கும் இடத்தில் விரல் நின்றுவிடும்.

“சிஸ்டம்மா, இங்க ஒரு புள்ளி தூங்குது பாரு” என்பார்.

அவள் எழுந்து போய்ப் பார்ப்பாள். அவர் சொன்ன இடத்தில் ஒரு புள்ளி சரியாக எழும்பாமல் இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

பாடத்தைப் பிரெய்லாக மாற்ற முன்பு அங்கே விலைக்கு வாங்கிப் போட்டிருந்த மென்பொருளுக்கு நம் எழுத்து சரியாக வராது. உயிரும் மெய்யும் சேருகிற இடத்தில் தடுமாறும். கணக்குப் புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் மாஸ்டர் ஒரு கட்டுத் தாளை மேசையில் பொத்தென்று போட்டு, “இதப் படிச்சா பிள்ளைங்களுக்கு விரல்ல கொப்புளம் வரும், படிப்பு வராது” என்றார். அன்று மதியமே அவள் சொந்தமாக ஒன்றை எழுத ஆரம்பித்தாள். அச்சகத்தின் கணினிகள் எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருந்தவள் அவள்தான். அதில் ஓடுகிற மாதிரி எழுதினாள். ‘புள்ளி’ என்று பெயர் வைத்தாள்.

அந்தப் புரோகிராமின் உயிர் ஒரு அட்டவணைக் கோப்பில் இருந்தது. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிகள், எதற்குப் பின்னால் எது வந்தால் என்ன ஆகும், பின்னம் எப்படி வரும், அடைப்புக்குறி எங்கே மூடும் என்று வரி வரியாகப் போகும் நீளமான கோப்பு. மாஸ்டர் சொல்வார், அவள் அடிப்பாள். ஒரு பக்கம் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். திரும்ப வந்து மாற்றுவாள். அவர் பக்கத்தைத் தடவும்போது அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், பரீட்சைத் தாளைத் திருத்துகிற வாத்தியார் முன்னால் நிற்பது போல. இப்படியே வருஷங்கள் ஓடின. வரிகளுக்கு நடுவில் அவள் தனக்காகச் சின்னக் குறிப்புகளும் எழுதி வைத்திருந்தாள். புரோகிராம் அவற்றைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். திறந்து படிக்கிற மனுஷருக்கு மட்டும்தான் அவை. வேலை தேறியதும் கேட்ட பள்ளிகளுக்கெல்லாம் ‘புள்ளி’யைச் சும்மாவே அனுப்பினாள். 

ஒரு காலை மேனேஜர் ஒரு பென் டிரைவை அவள் மேசையில் வைத்தார்.

“இனிமே பாடமெல்லாம் இந்தக் கம்பெனியோட கோப்பாத்தான் வருமாம், சிஸ்டம்மா. அவங்க புரோகிராம் இருந்தாத்தான் திறக்குமாம். ஸ்பரிசம்னு பேரு. இதுக்கு விலை எதுவும் கிடையாது.”

“அப்ப புள்ளி?”

“அதையும் வச்சுக்கோங்க. யாரு வேண்டாம்னா? ஆனா பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள புத்தகம் போயாகணும். இத முதல்ல ஏத்திடுங்க.”

“பாக்கறேன் சார்.”

மேசையின் மறுமுனையில் மாஸ்டர் குனிந்திருந்தார். ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் ஒரே வரியில் போய்ப் போய்த் திரும்பியதை அவள் பார்த்தாள். அந்த வரியில் ஏதோ சிக்கல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

லினக்ஸில் ஒரு மென்பொருள் பேக்கேஜாக வரும். பொட்டலம் என்று சொல்லலாம். அந்தப் பொட்டலம் தனியாக உள்ளே வராது. வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறவர், சித்தப்பா வந்தால்தான் நான் வருவேன் என்பார். சித்தப்பா, என் மச்சானைக் கூப்பிட்டால்தான் வருவேன் என்பார். மச்சானுக்கும் ஏற்கனவே வீட்டில் இருக்கிற பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அவர் இருக்கிற வீட்டில் நான் கால் வைக்க மாட்டேன் என்பார். இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பதுதான் அவள் வேலையில் பாதி.

ஸ்பரிசம் முதல் நாளே அடம் பிடித்தது. எழுத்துகளைக் கையாளுகிற ஒரு லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பு, அதற்குத் தேவைப்பட்டது, அதுவும் புதிய பதிப்பு. அச்சகத்துக் கணினியில் இருந்ததோ பழைய பதிப்பு. அதைப் பழையதாகவே இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தவளும் அவள்தான், ஏனென்றால் புள்ளி குத்துகிற இயந்திரத்தை இயக்குகிற டிரைவர் புரோகிராம் பழைய பதிப்போடு மட்டும்தான் பேசும். புதியதை ஏற்றச் சொன்னபோது கணினி ஒழுங்காகவே கேட்டது: ஏற்றுகிறேன், ஆனால் டிரைவரை நீக்க வேண்டிவரும், சம்மதமா? வேண்டாம் என்று அழுத்தினாள். டிரைவர் போய்விட்டால் இயந்திரம் வெறும் இரும்பு.

ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினி ஒன்றைத் தூசு தட்டி, அதில் சோதித்துப் பார்த்தாள். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முயன்றாள். ஸ்பரிசம் ஏற்றுக்கொண்டது, டிரைவர் ஏற்றுக்கொள்ளவில்லை. டிரைவரைச் செய்த ஆட்களுக்கு எழுதினாள். கடையைச் சாத்திவிட்டார்கள் போல, கடிதம் திரும்பி வந்தது. கடைசியில் டிரைவரின் மூல நிரலைத் தோண்டி எடுத்து, புதிய லைப்ரரிக்கு ஏற்றபடி தானே மறுபடி கட்டத் தொடங்கினாள். ஒரு பிழையைச் சரிசெய்தால் அதன் அடியிலிருந்து இன்னொன்று தலை நீட்டியது.

“என்னம்மா, ஏறிடுச்சா?” மாஸ்டர் தினமும் கேட்பார்.

“எங்க மாஸ்டர். வந்தா பட்டாளத்தோடதான் வருவேங்குது.”

“நல்ல குடும்பம் போல” என்று சிரிப்பார். தன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றி மேசை மேல் தள்ளுவார். தள்ளுகிற அளவு அவருக்கு அத்துப்படி. மூடி சரியாக அவள் கைக்கு வந்து நிற்கும். அவர் மனைவி போட்டுக்கொடுக்கிற காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். அவள் குறை சொல்லாமல் குடிப்பாள்.

ஒரு நாள் முற்பகலில் டிரைவர் பிழையில்லாமல் கட்டி முடிந்தது. சோதனைப் பக்கம் ஒன்று கண்ணாடி அறைக்குள் கடகடவென்று குத்தப்பட்டு வெளியே வந்தபோது அவளுக்கு உடம்பு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. லைப்ரரி தயார், டிரைவர் தயார். இனி ஸ்பரிசம் வர வேண்டியதுதான் பாக்கி. கட்டளையை அடித்தாள். வரிகள் ஓடின. தேவைகள் எல்லாம் இருக்கின்றன என்றது கணினி. பொட்டலத்தைப் பிரிக்கிறேன் என்றது. பிறகு நின்றுவிட்டது.

வேறொரு தடை. இந்தக் கோப்பை இங்கே எழுத முடியாது, இது ஏற்கனவே ‘புள்ளி’ என்கிற பேக்கேஜுக்குச் சொந்தமானது என்றது.

ஒரு கோப்புக்கு ஒரு சொந்தக்காரர்தான் என்பது லினக்ஸின் கறாரான ஒழுங்கு. இரண்டு பொட்டலங்கள் ஒரே இடத்தில், ஒரே பெயரில் ஒரு கோப்பைக் கொண்டுவந்தால் இரண்டாவதாக வருவதை உள்ளே விடாது. அவள் கோப்பின் பெயரைப் படித்தாள். ‘விரல்-அட்டவணை’. அவள் வைத்த பெயர். அது இருந்த ஃபோல்டரும் அவள் போட்ட ஃபோல்டர். அந்தப் பெயரில் உலகத்தில் இன்னொரு கோப்பு இருக்க நியாயமே இல்லை.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஏதோ பழைய சோதனையில் தானே எதையாவது இங்கே அங்கே போட்டுக் குழப்பிவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை. ஸ்பரிசத்தை நிறுவாமல், பொட்டலத்தை மட்டும் தனியாக ஒரு இடத்தில் பிரித்தாள். உள்ளே அட்டவணை இருந்தது. திறந்தாள். நடுவில் எங்கோ போய் நின்றது திரை. பின்னங்களுக்கான வரிகள். அவற்றின் நடுவில் ஒரு குறிப்பு.

“மாஸ்டர் விரலுக்கு இந்த வரி இன்னும் ஒத்துவரவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி பார்க்கணும்.”

அவள் எழுதியது. என்றைக்கு எழுதினாள் என்றுகூட நினைவில்லை. அந்த வரியை அப்புறம் சரிசெய்துவிட்டார்கள், குறிப்பை எடுக்க மறந்துபோனாள். திருடியவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மேனேஜர்தான் என்று தோன்றியது. கம்பெனிக்காரர்களோடு கூட்டத்துக்குப் போனவர் அவர். பென் டிரைவோடு வந்தவர் அவர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். நேராக அவர் அறைக்குப் போய் என்ன சார் இது என்று கேட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால் யார் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றவாக்கிலேயே கோப்பின் உச்சிக்குப் போனாள்.

அவள் பெயர் இருந்த இடத்தில், ‘அட்டவணை ஆக்கம்’ என்பதற்கு நேரே, மாஸ்டரின் முழுப்பெயர் இனிஷியலோடு இருந்தது. அடுத்த வரியில் கம்பெனி. வேறு யாரும் இல்லை.

இரண்டு கோப்பையும் ஒப்பிட்டுக் காட்டச் சொன்னாள். வித்தியாசம் என்று கணினி எடுத்து நீட்டியது அந்த உச்சி வரிகளை மட்டும்தான். மற்றதெல்லாம் ஒரு எழுத்து மாறாமல் அதேதான்.

மேசையின் மறுமுனையைப் பார்த்தாள். மாஸ்டர் அவள் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தவர் போல முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“என்னம்மா, ஏறிடுச்சா?” என்று கேட்டார்.

அவள் திரையை அணைத்தாள்.

“கொஞ்சம் ஸ்டோர் ரூமுக்கு வாங்க மாஸ்டர்.”

எங்கே போனாலும் அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். அவருக்கு அந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும், பிடிக்க வேண்டிய அவசியமில்லை. பேசிக்கொண்டே நடக்க அது ஒரு வசதி. இன்று அவள் முன்னால் நடந்துவிட்டாள். பின்னால் அவர் கை சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

ஸ்டோர் ரூமில் தாள் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கதவைச் சாத்தினாள்.

“அட்டவணைய நீங்கதான் குடுத்தீங்களா?”

மாஸ்டர் பக்கத்திலிருந்த கட்டின் மேல் கையை வைத்து, அதன் விளிம்பை நேராக்கினார்.

“ஆமா” என்றார்.

இல்லை என்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம்.

“என் பேர எடுக்கச் சொன்னீங்களா?”

“எடுக்கச் சொல்லல. இத உருவாக்கினது யாருன்னு கேட்டாங்க. நான்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

“நீங்களா?”

“ஏன், நான் இல்லையா? ஒவ்வொரு வரியும் யார் சொன்னது? இந்தக் கை சொன்னது.” கையை நீட்டிக் காட்டினார். “ஊர் ஊரா மெயில் அனுப்பினியே. ‘நான் உருவாக்கிய புரோகிராம்’னு. என் கம்ப்யூட்டர் எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. நான், நான்னு. ஒரு இடத்துலயாவது என் பேரு இருந்துச்சா?”

அவளுக்கு அது நினைவிருந்தது. அப்படித்தான் எழுதியிருந்தாள். வேண்டுமென்று விடவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேனே.”

“பேரு என்ன கேட்டு வாங்கற சாமானா?”

“சரி. தப்புதான். என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம். உங்க பேரச் சேர்க்கறது வேற மாஸ்டர். என் பேர எடுக்கறது வேற.”

அவர் கை மறுபடி கட்டின் விளிம்புக்குப் போனது.

“இத்தனை நாளா இதை ஏத்தறதுக்கு மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கேன். பக்கத்துலயே உட்காந்து, ஏறிடுச்சா ஏறிடுச்சான்னு கேட்டீங்க. காபி குடுத்தீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதானே கேட்டீங்க?”

“நேர்ல சொல்ல வாய் வரல” என்றார். “ஏத்தினா நீயே பாத்துப்பேன்னு இருந்தேன்.”

அவள் தன் கையாலேயே தோண்டி, தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் அவள் அந்த இடத்தை நெருங்குகிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவரை அழைத்துக்கொண்டு வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பாதியில் குறுக்கிடாமல் கேட்கிற ஆள். தட்டு காலியாகும் வரை கேட்டுவிட்டு, “அவர் இல்லாம நீ அத எழுதியிருக்க முடியுமா?” என்றார்.

“நான் இல்லாம அவர் எழுதியிருக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்புறம்?”

“அதத்தான் சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து…”

“நீங்க அவர் பக்கமா?”

“நான் யார் பக்கமும் இல்லம்மா. கேட்டுக்கத்தானே சொன்னே?”

கேட்டுக்கத்தான் சொன்னாள். ஆனால் அவர் வாய் திறந்தால் தன் பக்கம் திறக்கும் என்று நம்பியிருந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். அவர் வந்து துடைக்கத் துணி எடுத்தார். நான் பாத்துக்கறேன் என்று வாங்கி வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் செய்ய வேண்டியதைச் செய்தாள். வழி இரண்டு இருந்தது. சொந்தக்காரர் யாராயிருந்தாலும் பரவாயில்லை, மேலே எழுது என்று கணினியைக் கட்டாயப்படுத்தலாம். அப்படிச் செய்தால் பின்னால் ஏதாவது ஒரு புதுப்பிப்பில் எல்லாம் குழம்பிப் போகும். அல்லது முதலில் வந்ததை முறையாக வெளியேற்றிவிட்டு இரண்டாவதை உள்ளே விடலாம். குறுக்கு வழி அவளுக்குக் கை வராது. ‘புள்ளி’யை நீக்கு என்று அடித்தாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றாள். வருஷக் கணக்கில் இருந்தது, மூச்சு விடுகிற நேரத்தில் போய்விட்டது. ஸ்பரிசம் ஒரு தடையும் இல்லாமல் வந்து உட்கார்ந்தது. நீக்கியதன் நகல் அவளிடம் பத்திரமாக இருந்தது. இருந்தாலும் திரையைப் பார்க்கக் கண் கூசியது.

புத்தகத்தின் முதல் பக்கம் அச்சாகி வந்தது. பிழை பார்க்கக் கொண்டுபோய் மாஸ்டர் முன்னால் வைத்தாள். நிற்கவில்லை, தன் இடத்துக்கு வந்துவிட்டாள். அவர் படித்து முடித்து, “சரியா இருக்கு” என்று பொதுவாக மேசையைப் பார்த்துச் சொன்னார்.

சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்?

கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தை அன்று மதியம் எழுதினாள். ‘புள்ளி’யில் அவள் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகியிருந்தது. அந்த வரலாற்றை முழுசாக இணைத்தாள். அந்தக் குறிப்பையும் எடுத்துக் காட்டினாள். மாஸ்டர் தனியாக எழுதிய கோப்பில், மாஸ்டர் விரலுக்கு ஒத்துவரவில்லை என்று யார் எழுதியிருப்பார் என்று கேட்டாள். அட்டவணை இருவரும் சேர்ந்து செய்தது என்றும் எழுதினாள். அதை எழுதும்போது கசந்தது. ஆனாலும் உண்மை அதுதான் என்பதால் எழுதினாள்.

அனுப்புவதற்கு முன்னால் மேனேஜரிடம் காட்டினாள். படித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

“மாஸ்டருக்கு அங்க ஆலோசகர் பொறுப்பு குடுத்திருக்காங்க, தெரியுமா? வாழ்க்கையில முதல் தடவையா அவர் பேரு போட்ட அட்டை அடிச்சுக் குடுத்திருக்காங்க. எல்லார் கையிலயும் குடுத்துக்கிட்டிருந்தாரே, உங்களுக்குக் குடுக்கலையா?”

“குடுக்கல சார்.”

“இது போச்சுன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு. விட்டுடுங்களேன். புத்தகம்தான் நல்லா வருதே.”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அட்டை எல்லோர் கைக்கும் போயிருக்கிறது. அவள் மேசையை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. மேனேஜரும் அன்று பென் டிரைவை வைக்கும்போது தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

“விட முடியாது சார்” என்றாள்.

மாஸ்டரிடம் நேராகப் போனாள். அவர் காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்வார். நிமிர்ந்தார்.

“கம்பெனிக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பப் போறேன். நீங்க எனக்குச் சொல்லல. நான் உங்களுக்குச் சொல்லிட்டுச் செய்யறேன்.”

“அனுப்பாதேன்னு சொன்னா?”

“அனுப்புவேன்.”

“அப்ப எதுக்குச் சொல்றே?” என்றார். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தது.

அவள் அனுப்பினாள்.

கம்பெனியிலிருந்து மரியாதையான பதில் வந்தது. விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம், பரிசீலிக்கிறோம் என்றது. அதன் பிறகு சத்தமே இல்லை. மழைக்காலம் வந்து, புத்தகக் கட்டுகளுக்கு மேல் தார்ப்பாய் போட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வேலைக்கு வந்தார், படித்தார், போனார். ஏதாவது புள்ளி தூங்கினால் பக்க எண்ணையும் வரி எண்ணையும் மட்டும் சொன்னார். அவள் சரிசெய்தாள். பிளாஸ்க் அவர் பக்கத்திலேயே மூடியிருந்தது.

பிறகு ஒருநாள் ஸ்பரிசத்தின் புதிய பதிப்பு வந்தது. தேவைகளில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. அவள் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் எழுந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே அவள் முனைக்கு வந்து நின்றார். ஸ்டோர் ரூமுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் முறை.

“புதுசு வந்திருக்காமே.”

“ஆமா.”

“மேல என்ன போட்டிருக்கான்?”

அவருடைய கணினியே அதைப் படித்துக் காட்டியிருக்கும். கேட்டுப் பார்க்கவில்லையா, கேட்டும் நம்பவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“கம்பெனி பேரு.”

“உன் பேரு?”

“இல்ல.”

“என் பேரு?”

“அதுவும் இல்ல. நடுவுல நான் எழுதின குறிப்பயும் எடுத்துட்டாங்க.”

ஆலோசகர் பொறுப்பு என்னவாயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவர் சட்டைப் பையில் அந்த அட்டைகள் இன்னும் துருத்திக்கொண்டிருந்தன.

“அப்ப நம்ம ரெண்டு பேரையும்…” என்று ஆரம்பித்தார்.

“என்னை ஏமாத்தினது அவங்க இல்ல மாஸ்டர்” என்றாள். “அவங்கள எனக்குத் தெரியவே தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் மனைவி கட்டிக்கொடுத்த ஊறுகாயின் வாசம் அவள் முனை வரைக்கும் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. ஆத்திரத்திலா, இரக்கத்திலா என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை. கண்ணாடி அறைக்குள் போய்த் தாள் மாற்றிவிட்டு வந்தாள்.

தொலைவில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளி மட்டும் இன்னும் ‘புள்ளி’யைத்தான் வைத்திருந்தது. அங்கிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. வர்க்கமூலக் குறி ஒரு இடத்தில் விரலுக்கு இடறுகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். அவள் அட்டவணையின் பழைய நகலைத் திறந்து, இரண்டு வரிகளை மாற்றி, ஒரு சோதனைப் பக்கம் அச்சடித்தாள். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. கண் சொல்வதை வைத்து இந்த வேலையில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு விரல் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மேசையின் மறுமுனையில் மாஸ்டர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மேசை மேல் விரிந்திருந்தன. அவள் தாளோடு எழுந்ததை அவர் கேட்டிருக்க வேண்டும், லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் அலமாரியிலிருந்து பெரிய உறை ஒன்றை எடுத்தாள். புள்ளிகள் நசுங்காமலிருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தாளை வைத்து உள்ளே செருகி ஒட்டினாள். அந்த ஆசிரியையின் முகவரியை எழுதி, தபாலுக்குப் போகிற தட்டில் வைத்தாள். போய்ச் சேர்ந்து, அவர் படித்து, பதில் வர நாளாகும்.

உட்கார்ந்து அடுத்த வேலையைத் திறந்தாள்.